மில்லுல வெய்பிரிட்ஜ் கிராணியா இருக்கேன், சப்ளை செயின்ல பிஎச்டி எனக்கு சரிப்படுமா அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு. தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவன், இப்ப ஊத்தான் மெலிந்தாங் போற வழியில ஒரு செம்பனை மில்லுல வெய்பிரிட்ஜ் கிராணி, வர்ற லோரிய எடை மேடையில (எல்லாரும் பாலம்னு சொல்றது) ஏத்தி எடை போட்டு டிக்கெட் அடிக்கிற வேலை. கெடா சிந்தோக்ல இருக்கிற யூயூஎம் யூனிவர்சிட்டியில லாஜிஸ்டிக்ஸ் டிகிரி, அப்புறம் வேலை பாத்துக்கிட்டே மாஸ்டர் முடிச்சேன். பிஎச்டி பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. வெளிநாட்டு யூனிவர்சிட்டிங்கள்ல சப்ளை செயின் பிஎச்டி பண்றவங்க விவரத்த எல்லாம் தேடிப் படிச்சேன், படிச்சதும் இருந்த தைரியமும் போச்சு. ஒருத்தர் இண்டஸ்ட்ரியல் எஞ்சினியர், ஒருத்தங்க அப்ளைட் மேத்ஸ், இன்னொருத்தர் கம்ப்யூட்டர் சயன்ஸ். ஆராய்ச்சி ஆர்வம்னு போட்டிருக்கிறது ரெசிலியன்ஸ், ஸ்டோகாஸ்டிக் ஆப்டிமைசேஷன், பிளாக்செயின். எங்க அப்பா செம்பனைக் குலை லோரி ஓட்டினவர். என்கிட்ட என்ன பின்னணி இருக்கு? எந்த டாபிக் எடுத்தா சீட் கிடைக்கும்? வேலைய விட்டுடலாமா?

பதில்:

தம்பி, மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. நடுவுல இருக்கிற "எந்த டாபிக் எடுத்தா சீட் கிடைக்கும்" தான் எல்லாரும் என்கிட்ட முதல்ல கேக்குறது, அத நான் கடைசிக்கு தள்ளி வைக்கிறேன், ஏன்னா மத்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா அது பாதி தானா அடங்கிடும்.

முதல்ல அந்த விவரங்கள எப்படி படிக்கணும்னு சொல்றேன். நானும் பிஎச்டி பசங்களுக்கு சூப்பர்வைசரா இருக்கேன், பேருக்குக் கீழ பின்னணி, ஆராய்ச்சி ஆர்வம்னு வர்ற அந்த நாலு வரிய அவங்க எப்படி எழுதுறாங்கன்னு பக்கத்துல இருந்து பாக்குறவ. "பின்னணி"ன்னு இருக்கிற வரி அந்த ஆளுக்கு எந்த கருவி கையில பழக்கம்னு சொல்லுது, அவ்வளவுதான். மேத்ஸ் படிச்சவங்க மாடல் எழுதுவாங்க, எக்கனாமிக்ஸ் படிச்சவங்க டேட்டாவ வச்சு எது காரணம் எது விளைவுன்னு பிரிச்சுப் பாப்பாங்க, சைக்காலஜி பக்கம் இருந்து வந்தவங்க ஆர்டர் போடுற மனுசன் ஏன் தேவைக்கு மேல போடுறான்னு சோதனை வச்சுப் பாப்பாங்க. "ஆராய்ச்சி ஆர்வம்"னு இருக்கிற வரிய அவ்வளவு பெருசா எடுத்துக்காதீங்க, முதல் வருச மாணவங்க விசயத்துல பாதி நேரம் அது அவங்க சூப்பர்வைசர் கையில இருக்கிற கிரான்ட்டோட பேரு. மூணாவது வருசம் போய்ப் பாருங்க, பாதிப் பேர் வரிய மாத்தியிருப்பாங்க.

எஞ்சினியருங்க ஏன் இவ்வளவு பேர்னா அதுக்கு சரித்திரம் இருக்கு. சப்ளை செயின் மேனேஜ்மென்ட்ங்கிற பேரே 1982ல கீத் ஆலிவர்னு ஒரு கன்சல்டன்ட் வெளியில சொன்னதுக்கு அப்புறம்தான் புழக்கத்துக்கு வந்துச்சு, ஆனா கணக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு ஆர்டர் போட்டா செலவு கம்மின்னு ஃபோர்ட் ஹாரிஸ் கணக்கு எழுதினது 1913ல. பெட்ரோல் லோரிங்க எந்த வழியா போனா மொத்த தூரம் குறையும்னு டான்ட்சிக்கும் ராம்சரும் எழுதினது 1959ல. எல்லாம் மேத்ஸ், எஞ்சினியரிங் ஆளுங்க. அவங்க போட்ட ரோட்டுல அதே ஆளுங்கதான் இன்னிக்கும் அதிகமா போறாங்க.

ஆனா இதுல ஒருத்தர உங்களுக்கு கண்டிப்பா சொல்லணும், ஜே ஃபாரஸ்டர். அமெரிக்காவோட எம்ஐடி யூனிவர்சிட்டியில எலக்ட்ரிக்கல் எஞ்சினியர், பழைய கம்ப்யூட்டர்ல மெமரி எப்படி வைக்கிறதுன்னு வழி கண்டுபிடிச்ச ஆள். அவர் வளந்தது அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல ஒரு மாட்டுப் பண்ணையில, வீட்டுக்கு கரன்ட் கிடையாது, ஸ்கூல் படிக்கும்போதே காத்தாடி வச்சு தானே கரன்ட் எடுத்தவர். பிற்பாடு ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்காரங்க அவர்கிட்ட, கென்டக்கியில எங்க வீட்டுச் சாமான் ஃபேக்டரியில சில வருசம் மூணு நாலு ஷிப்ட் ஓடுது, அப்புறம் சில வருசத்துல பாதி ஆள வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கு, ஏன்னு புரியலன்னு சொன்னாங்க. எல்லாரும் மார்க்கெட் மேல பழி போட, இவர் பேப்பரும் பென்சிலும் எடுத்து கணக்குப் போட்டு, கடைக்காரன் ஒருத்தன் கொஞ்சம் பதறி கூட ஆர்டர் போட்டா அது மொத்த வியாபாரிகிட்ட இன்னும் பெருசாகி ஃபேக்டரிக்கு வரும்போது பூகம்பமாகுதுன்னு காட்டினாரு, வெளிய ஒண்ணும் நடக்கலன்னாலும் உள்ளுக்குள்ளயே ஆட்டம் வரும்னு. இன்னிக்கு புல்விப் எஃபெக்ட்னு எல்லாரும் படிக்கிறது அதுல இருந்து வளந்ததுதான், 1997ல ஹாவ் லீயும் கூட இருந்தவங்களும் அதுக்கான காரணங்கள பிரிச்சு எழுதினாங்க. மாட்டுப் பண்ணை பையனுக்கு அந்தக் கேள்வி புடிபட்டதுக்கு எஞ்சினியரிங் உதவுச்சு, சந்தேகமே இல்ல, ஆனா மனுசன் ஃபேக்டரிக்காரங்க சொன்னத உக்காந்து கேட்டாரு பாருங்க, அத எந்த டிகிரியும் சொல்லித் தராது.

இப்ப அந்த பெரிய பெரிய வார்த்தைங்க. அதுங்க எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா பயம் போயிடும். சப்ளை செயின்ல ஆராய்ச்சி ஆர்வம் எல்லாம் பெரும்பாலும் எங்கயோ ஒரு அடி விழுந்ததுக்கு அப்புறம் வர்றது. 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரண சாமான் கொண்டு சேக்குறதப் பத்தி எழுதுறவங்க கூடினாங்க, நம்ம மலேசியாவுல 2014 டிசம்பர் கிளந்தான் வெள்ளத்துக்கு அப்புறமும் அப்படித்தான். 2011ல ஜப்பான் பூகம்பம், அதே வருசம் தாய்லாந்து வெள்ளத்துல ஹார்ட் டிஸ்க் ஃபேக்டரிங்க முழுகி உலகம் பூரா ஹார்ட் டிஸ்க் விலை ஏறுச்சு, அடி விழுந்தாலும் தாங்கி எழுந்திருக்கிற தெம்புக்குத்தான் ரெசிலியன்ஸ்னு பேரு, அந்த வார்த்தை அப்ப நல்லா சூடு புடிச்சுச்சு, 2020ல கோவிட், 2021 மார்ச்ல சூயஸ் கால்வாய்ல எவர் கிவன் கப்பல் 6 நாள் மாட்டினது எல்லாம் அத இன்னும் ஏத்தி விட்டுச்சு. 2013ல பங்களாதேஷ்ல ராணா பிளாசா இடிஞ்சு 1,100க்கு மேல தொழிலாளிங்க செத்ததுக்கு அப்புறம் யாரு தைச்சது, எந்த நிலைமையில தைச்சதுன்னு கேக்குற ஆராய்ச்சி வளந்துச்சு. பிளாக்செயின், அதாவது பின்னாடி யாரும் மாத்த முடியாத மாதிரி எல்லார்கிட்டயும் ஒரே பதிவேடு வைக்கிற முறை, அது மட்டும் கொஞ்சம் வேற கதை, அது பிரச்சனையில இருந்து வரல, கருவி கையில வந்துடுச்சு இத வச்சு என்ன பண்ணலாம்னு தேடினதுல வந்தது, எனக்கு அதுல அவ்வளவு நம்பிக்கை கிடையாது, அத வச்சு பட்டம் வாங்கினவங்க கோவிச்சுக்க வேணாம்.

சரி, உங்க பின்னணிக்கு வருவோம். "என்கிட்ட என்ன இருக்கு"ன்னு கேட்டீங்க. நீங்க உக்காந்திருக்கிற எடத்த கொஞ்சம் கணக்காவே பாப்போம்.

ஒரு லோரி உங்க பாலத்துல ரெண்டு தடவை ஏறணும், குலையோட ஒரு தடவை, கொட்டிட்டு காலி வண்டியா ஒரு தடவை. சாயங்காலம் மணிக்கு 12 லோரி வருதுன்னு வைங்க, அப்ப மணிக்கு 24 எடை, ஒரு எடைக்கு ரெண்டரை நிமிசம். டிரைவர் சீட்ட நீட்டி, நீங்க நம்பர் பாத்து, தோட்டமா டீலரான்னு பாத்து டிக்கெட் அடிக்கிறதுக்கு மூணு நிமிசம் ஆச்சுன்னா 72 நிமிச வேலை 60 நிமிசத்துல வந்து நிக்குது, கியூ கொறையவே கொறையாது, வரவு நிக்கிற வரைக்கும் ஏறிக்கிட்டேதான் இருக்கும். இன்னொண்ணு, ஜோன் லிட்டல்னு ஒருத்தர் 1961ல நிரூபிச்ச ஒரு விதி இருக்கு, உள்ள நிக்கிற லோரி எத்தனைன்னா மணிக்கு எத்தனை வருதோ அத ஒரு லோரி சராசரியா எவ்வளவு நேரம் உள்ள இருக்குதோ அதால பெருக்கு. மணிக்கு 12, ஒரு லோரிக்கு ஒன்றரை மணி நேரம்னா எந்நேரமும் உங்க மில்லு வாசலுக்குள்ள 18 லோரி. ஒரு மணி நேரமா கொறைச்சா 12. இதுக்கு ஸ்டோகாஸ்டிக்னு சொல்ற நிச்சயமில்லாத விசயத்துக்கான கணக்கு எல்லாம் வேணாம், சிஃபிர், அதான் வாய்ப்பாடு, மனப்பாடம் இருந்தாப் போதும்.

அந்த 18 லோரி நிக்கிறது வெறும் டிரைவருக்கு கால் வலிக்கிற விசயம் மட்டும் இல்லன்னு உங்களுக்குத் தெரியும். வெட்டி விழுந்த குலையில அடிபட்ட பழத்துல லைபேஸ்னு ஒரு நொதி வேலை ஆரம்பிச்சு எண்ணெய உடைக்குது, ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் ஏறுது, ஸ்டெரிலைசர்ல ஆவி புடிச்சு அத சாகடிக்கிற வரைக்கும் ஏறிக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் வெட்டி 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்குள்ள போகணும்னு சொல்றாங்க, கச்சா எண்ணெய்ல அது 5 சதவீதத்த தாண்டினா வாங்குறவன் விலையில கை வைப்பான். அப்ப உங்க வாசல் கியூ நேரா எண்ணெய் தரத்துல போய் நிக்குது. இந்தத் தொடர்புல ஸ்டெரிலைசர் பக்கம் இருக்கிறவங்களுக்கு மணி தெரியாது, தோட்டத்துல இருக்கிறவங்களுக்கு ரிசல்ட் தெரியாது, நடுவுல டிக்கெட்டுல நேரம் அடிக்கிற ஆள் நீங்க.

இப்ப பாருங்க, இதே கியூவ மேத்ஸ்காரர் ஒருத்தர் எடுத்தா சிமுலேஷன் எழுதுவார், லோரிங்களுக்கு நேரம் பிரிச்சுக் குடுத்தா என்ன ஆகும், ரெண்டாவது பாலம் போட்டா என்ன ஆகும், இல்ல உண்மையான அடைப்பு பாலமே இல்ல, குலைய தரம் பாத்து பிரிக்கிற கிரேடிங் எடமான்னு. எக்கனாமிக்ஸ்காரர் உங்க பழைய டிக்கெட் டேட்டாவ எடுத்து காத்திருந்த நேரத்துக்கும் எண்ணெய் தரத்துக்கும் என்ன சம்பந்தம், மழைய பிரிச்சுட்டு எவ்வளவுன்னு பாப்பார். களத்துல உக்காந்து பேசுற ஆள்னா டிரைவருங்க ஏன் எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி சாயங்காலம் ஒண்ணா வர்றாங்க, கம்பெனி தோட்டத்து லோரிய முன்னாடி விட்டு சின்ன தோட்டக்காரர் குலைய நிக்க வைக்கிறாங்களா, அதுல யாரு நட்டத்த சொமக்குறாங்கன்னு கேப்பாங்க. கேள்வி ஒண்ணு, பின்னணி மாறினா தீசிஸ் மாறுது. உங்க லெட்டர்ல "எங்க அப்பா குலை லோரி ஓட்டினவர்"னு கொஞ்சம் மன்னிப்பு கேக்குற குரல்ல எழுதியிருக்கீங்க, தம்பி, அந்த சாயங்கால கூட்டத்துக்கு காரணம் என்னன்னு வீட்டுல டீ குடிக்கும்போது அவர்கிட்ட கேளுங்க, டிரிப்பு கணக்கு, வெட்டு முடியுற நேரம், ரோட்டுல சேறு, எந்த ஃபோர்மன் எப்ப லோட் ஏத்த விடுவான்னு அவர் சொல்றது எந்த ஜர்னல்லயும் கிடைக்காது. எழுதி வைங்க.

உங்க மேசைக்கே வர்ற இன்னொரு விசயம், குலை எங்க இருந்து வந்துச்சுங்கிறது. ஐரோப்பிய யூனியன் 2023ல காடு அழிப்பு சட்டம் கொண்டு வந்தாங்க, 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காடு அழிச்ச நிலத்துல வெளஞ்சது உள்ள வரக்கூடாது, நிலம் எங்க இருக்குன்னு மேப்ல புள்ளி காட்டணும், 4 ஹெக்டருக்கு மேலன்னா எல்லைக்கோடே வரைஞ்சு காட்டணும். அமல்படுத்துற தேதிய தள்ளித் தள்ளி வச்சாலும் கம்பெனிங்க இப்பவே ஓடிக்கிட்டு இருக்காங்க. நம்ம நாட்டு எம்எஸ்பிஓ, அதாவது செம்பனை எண்ணெய்க்கான நிலைத்தன்மை சான்றிதழ், 2020 ஜனவரியில இருந்து கட்டாயம். பேப்பர்ல எல்லாம் அழகு. ஆனா சின்ன தோட்டக்காரர் ஆளுக்கு கொஞ்சமா டீலர் குலைய வாங்கி சேக்குற மேடையான ரெம்ப்புல கொண்டு வந்து கொட்டி, அது எல்லாம் கலந்து ஒரே லோரியில உங்க பாலத்துல ஏறும்போது எந்தக் குலை யாரு குலை? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் எழுதுறவங்களுக்கு சூப்பர்வைசருங்க கதவு திறப்பாங்கன்னு தைரியமா சொல்வேன், ஏன்னா அவங்க பாதிப் பேர் ரெம்ப்பையே பாத்தது கிடையாது.

இனிமே கசப்பான பக்கம். உங்க பின்னணியில ஓட்டை இருக்கு, அது தோட்டம் இல்ல, கணக்கு. லாஜிஸ்டிக்ஸ் டிகிரியும் வேலையோட படிச்ச மாஸ்டரும் உங்களுக்கு பிராபபிலிட்டி, லீனியர் புரோகிராமிங், ரெக்ரெஷன் எல்லாம் தொட்டுக் காட்டியிருக்கும், கையில குடுத்திருக்காது. எம்ஐடியோட சப்ளை செயின் மைக்ரோமாஸ்டர்ஸ் ஆன்லைன்ல இருக்கு, சர்ட்டிஃபிகேட் வேணாம்னா பாடத்த காசு குடுக்காமப் பாக்கலாம், அதுல முதல்ல வர்ற அனலிட்டிக்ஸ் கோர்ஸ எடுத்து உக்காருங்க, கூடவே பைத்தான் இல்ல ஆர்னு கம்ப்யூட்டர் மொழி ஏதாவது ஒண்ணு. நடுவுல எரிச்சல் வரும், விட்டுட்டு ஓடணும் போல இருக்கும், அப்படி இருந்தும் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து மறுபடி தொறந்து பாக்குறீங்கன்னா பிஎச்டி உங்களுக்கு ஒத்து வரும். பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டு தம்பி கல்யாணப் பத்திரிகையில அச்சடிக்கணும்ங்கிறதுதான் முழு ஆசைன்னா இங்கயே நிறுத்திக்குங்க, நாலஞ்சு வருசம் அதுக்கு ரொம்ப விலை.

இங்க உள்ளூர்ல ஒரு பொறி இருக்கு, அதையும் சொல்லிடுறேன். நம்ம பிசினஸ் ஸ்கூல்ங்கள்ல நிறைய சப்ளை செயின் தீசிஸ் ஒரே அச்சு. அஞ்சு கட்டம் வரைஞ்சு அம்பு போட்டு, "ஒத்துக்கிறேன், ரொம்ப ஒத்துக்கிறேன்"னு ஒரு கேள்வித்தாள் அடிச்சு, 384 பேர் வேணும்னு ஓடி, ஸ்மார்ட் பிஎல்எஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல போட்டு அம்பு எல்லாம் சரின்னு முடிக்கிறது. அந்த 384 எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா பாதிப் பேருக்கு தெரியாது, கிரெஜ்சி மோர்கன் 1970ல போட்ட ஒரு டேபிள், பத்து லட்சம் பேர் இருக்கிற கூட்டத்துக்கு அவ்வளவு போதும்னு சொல்லுது. சர்வே முறையே தப்புன்னு சொல்ல வரல, நல்லா பண்ணினா நல்லதுதான். ஆனா கையில நிமிசக் கணக்குல டிக்கெட் நேரம் இருக்கிற ஒரு ஆள், மேனேஜருங்ககிட்ட போய் "உங்க சப்ளை செயின் வேகமா இருக்குன்னு நினைக்கிறீங்களா, ஒண்ணுல இருந்து அஞ்சு"ன்னு கேட்டுக்கிட்டு நின்னா எனக்கு வயிறு எரியும்.

எங்க படிக்கிறதுன்னா, அமெரிக்காவுல ரெண்டு வருசம் வகுப்பு, அதுக்கப்புறம் தகுதித் தேர்வு, மொத்தம் அஞ்சு வருசம் பக்கம், பெரிய யூனிவர்சிட்டிங்கள்ல எடுத்தாங்கன்னா ஃபீஸ் கிடையாது, மாசம் கைச்செலவுக்கும் குடுப்பாங்க, ஆனா ஜிஆர்இ ஜிமேட் நுழைவுத் தேர்வு கணக்குல உங்கள உரிச்சுடுவாங்க. சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அந்த வழிதான். பிரிட்டன், நம்ம நாடு எல்லாம் முதல் நாள்ல இருந்தே ஆராய்ச்சி, புரபோசல் டிஃபென்ஸ், தீசிஸ், கடைசியில வைவாங்கிற வாய்மொழித் தேர்வு, முழு நேரம்னா குறைஞ்சது மூணு வருசம். உங்களுக்கு சிந்தோக் பழகின எடம், அங்க டெக்னாலஜி மேனேஜ்மென்டும் லாஜிஸ்டிக்ஸும் சேந்த ஸ்கூலே இருக்கு, ஷா ஆலாம்ல 2011ல எம்ஐடியோட சேந்து தொடங்கின மலேசிய சப்ளை செயின் இன்னவேஷன் இன்ஸ்டிடியூட்டையும் விசாரிச்சுப் பாருங்க. ஊர் பேர பாத்து எடுக்காதீங்க, சூப்பர்வைசர பாத்து எடுங்க. அந்த ஆள்கிட்ட படிச்ச பசங்க எத்தனை வருசத்துல முடிச்சாங்க, இப்ப எங்க இருக்காங்க, நடுவுல விட்டுட்டுப் போனவங்க இருக்காங்களான்னு விசாரிங்க, அவங்க தீசிஸ் ரெண்ட யூனிவர்சிட்டி லைப்ரரி களஞ்சியத்துல இருந்து எடுத்து முன்னுரையாவது படிங்க.

வேலைய விடலாமான்னா, இப்ப விடாதீங்க. சம்பளத்துக்காக மட்டும் சொல்லல, நீங்க மில்ல விட்டு வெளிய வந்த மறுநாள் உங்க டேட்டாவும் போச்சு. இதுல ஒரு எச்சரிக்கை, டிக்கெட்டு எல்லாம் கம்பெனி சொத்து, போன்ல ஃபோட்டோ புடிச்சு வீட்டுல சேத்து வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், லோரி டிரைவர் பேரு, ஐசி (அடையாள கார்டு) நம்பர் எல்லாம் 2010 தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டத்துக்குள்ள வர்றது வேற. எனக்குத் தெரிஞ்ச ஒரு மாணவர் வாய் வார்த்தைய நம்பி ரெண்டு வருசம் கம்பெனி டேட்டாவுல வேலை பாத்தாரு, மேனேஜர் மாறினதும் புது ஆள் குடுக்க முடியாதுன்னுட்டாரு, மொதல்ல இருந்து ஆரம்பிச்சாரு பாவம். மேனேஜர்கிட்ட அனுமதிய எழுத்துல வாங்குங்க. பேர எல்லாம் எடுத்துட்டு நேரமும் எடையும் மட்டும் குடுத்தா போதும்னு கேளுங்க, உங்க கியூ எவ்வளவு குறையும்னு முடிவ உங்களுக்கே முதல்ல காட்டுறேன்னு சொல்லுங்க. குலை எடையில வெட்டுற கழிவு, கிரேடிங் பிடித்தம் பக்கம் கை வைக்கப் போறீங்கன்னா மட்டும் ரொம்ப யோசிங்க, அங்க டீலருக்கும் மில்லுக்கும் பழைய சண்டை இருக்கும், கிராணி நடுவுல மாட்டிக்கக் கூடாது. முதல் வருசம் ஓடி, பணம் எங்க இருந்து வருதுன்னு உறுதியான பிறகு முழு நேரமா பகுதி நேரமான்னு முடிவு பண்ணலாம். பகுதி நேரம் நீளும், வீட்டுல உங்க சம்பளத்த நம்பி யாரு யாரு இருக்காங்கன்னு நீங்க எழுதல, அது தெரியாம நான் முழு நேரம்னு சொல்ல மாட்டேன்.

கடைசியா அந்த டாபிக். சீட் டாபிக் பேருக்கு கிடைக்கிறதில்ல, ஒரு பக்கத்துக்கு கிடைக்கும். ஒரே ஒரு பக்கம் எழுதுங்க, மில்லுல சாயங்காலம் என்ன நடக்குது, எவ்வளவு நேரம் நிக்குது, அதனால யாருக்கு என்ன நட்டம், இதப் பத்தி இதுவரைக்கும் வந்த ரெண்டு மூணு பேப்பர் என்ன சொல்லுது, அதுல எது உங்க வாசலுக்கு பொருந்தல, நீங்க எத எப்படி அளக்கப் போறீங்க. முதல் பாராவுல ரெசிலியன்ஸ், டிஜிட்டல், சஸ்டெய்னபிள் எதுவும் வரக்கூடாது, லோரி வரணும். அத மூணு சூப்பர்வைசருக்கு தனித்தனியா அனுப்புங்க, ஒவ்வொருத்தரோட ஒரு பேப்பரையாவது நிசமா படிச்சுட்டு. "டியர் சேர், ஐ எம் வெரி இன்ட்ரஸ்டட் இன் யுவர் ரிசர்ச்"னு ஒரே லெட்டர நாப்பது பேருக்கு தள்ளி விடுறத நாங்க முதல் வரியிலயே கண்டுபிடிச்சுடுவோம், பதில் வராது. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை நினைவூட்டலாம், அதுக்கு மேல துரத்தாதீங்க.

மேனேஜர்கிட்ட பேசுறத மட்டும் குலை அதிகமா வர்ற பீக் கிராப் சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க, ரெம்ப்புல குலை மலையா கிடக்கும்போது போய் ஆராய்ச்சி, பர்மிஷன் லெட்டர்னு நின்னீங்கன்னா எந்த மேனேஜரும் காது குடுக்க மாட்டாரு லா.